மூன்றாம் படி வரை தண்ணீர்

அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தரைத்தள வீட்டுக் கூடத்தில் கூடியவர்கள், உட்கார்ந்த வரிசைப்படி:

சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம், பதிவேடும் இரண்டு பேனாவுமாக, குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரம்மா. இரண்டாவது பேனா எதற்கென்றால், முதல் பேனா மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவருக்கு வலப்புறம், நாற்காலியில் முதுகு படாமல் நிமிர்ந்து, மூன்றாம் மாடிக் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும், எதிரில் உட்கார்ந்தவர்களைக் கடைசி பெஞ்சுக்காரர்களாகவே பார்க்கிறவர். இடப்புறம், கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்த இரண்டாம் மாடிப் பல் டாக்டர். யார் வாயைத் திறந்தாலும் அந்த அம்மாவின் கண் முதலில் பல்லுக்குத்தான் போகும். அதனால் வாத்தியார் அவர் எதிரில் சிரிப்பதில்லை. சோபாவில், போனும் கையுமாக, முதல் மாடி ஃபார்வர்ட் மாமா. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. தனக்கு வருகிற வீடியோ எல்லாவற்றையும் தான் பார்ப்பதற்கு முன்பே கட்டடத்துக்கு அனுப்பிவிடுவதால், கட்டடம் வைத்த பேர் இது.

ஐந்தாவது ஆள் கூடத்தில் இல்லை. பக்கத்து அறைக் கட்டிலில், கதவை விரியத் திறந்து போட்டுக்கொண்டு, மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். செயலாளரம்மாவின் வீட்டுக்காரர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். நுரையீரல் பாதி போய்விட்டது. வாய் முழுசாக மிச்சம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு அவர் 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருந்தார். வந்த நாளிலிருந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, சத்தம் போடுகிறது, கோபித்துக்கொண்டு நின்றுவிட்டால் நம் உயிர் போகிறது. வேறென்ன பேர் வைப்பது என்பார்.

கூட்டத்துக்குக் காரணம் வடிகால் துறையிலிருந்து வந்திருந்த ஒரு கடிதம். செயலாளரம்மா அதை எழுந்து நின்று வாசித்தார். உட்கார்ந்து வாசித்தால் கடிதத்துக்கு மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம்.

விஷயம் இதுதான். வானிலை ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப்படி, இனி வரும் வருஷங்களில் மழை குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்க்கும்; கால்வாய் தாங்காது. ஆகவே தாழ்வான தெருக்களில், கட்டடங்களின் மீட்டர் ரூமைத் தரையிலிருந்து முதல் மாடிக்குத் துறையே மாற்றித் தரும். அதற்கு எல்லாக் குடித்தனக்காரர்களும் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். இன்றைய தேதி முத்திரையோடு தபாலில் சேர்ந்திருக்க வேண்டும். தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடும்.

கடைசிப் பத்தியை மட்டும் செயலாளரம்மா கொஞ்சம் குரலைத் தாழ்த்தி வாசித்தார். "தங்கள் சங்கம் ஆண்டுதோறும் அனுப்பிவரும் அறிக்கைகளின்படி, தங்கள் கட்டடத்தில் வெள்ளநீர் எப்போதும் மூன்றாம் படியைத் தாண்டியதில்லை. எனவே தங்கள் கட்டடம் முன்னுரிமைப் பட்டியலில் கடைசியாக உள்ளது. மாற்றுத் தகவல் இருப்பின் ஒப்புதலோடு சேர்த்து எழுதவும்."

"அவ்வளவுதான்," என்றார் வாத்தியார். "அவங்களே சொல்லிட்டாங்க. கூட்டம் முடிஞ்சுது."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார்," என்றார் டாக்டர். "போன மழையில மீட்டர் ரூமுக்குள்ள தண்ணி வந்துச்சா இல்லையா? பதினோரு மணி நேரம் கரண்ட் இல்ல."

வந்தது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்து, டப்பென்று ஒரு சத்தம் கேட்டு, கட்டடம் முழுக்க இருண்டுபோனது. மாப்பிள்ளையும் நின்றுபோனார். வீட்டுக்காரரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய், இரண்டு தெரு தள்ளி மேட்டில் ஜெனரேட்டரோடு இருந்த டாக்டரின் கிளினிக்கில், பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இயந்திரத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். பதினோரு மணி நேரம் அதில் மல்லாந்து கிடந்தார். சும்மா கிடக்கிறாரே என்று டாக்டர் இரண்டு சொத்தைப் பல்லை அடைத்துவிட்டார்.

"அது கதவு உளுத்துப்போனதால வந்தது," என்றார் வாத்தியார். "கதவை மாத்து. அதுக்காக ரூமையே மாடிக்குத் தூக்குவியா? காலுக்குச் செருப்பு கடிச்சா காலையா மாத்துவாங்க?"

"மீட்டர் வைக்கப்போற அந்த முதல் மாடி ரூம் போயிட்டா நீங்களும் மாமாவும் எங்க உட்கார்ந்து செஸ் ஆடுறதுன்னு கவலை," என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "அதைச் சொல்லுங்க வாத்தியாரே. வானிலையை ஏன் வம்புக்கு இழுக்கிறீங்க?"

"நீங்க மூச்சை வீணாக்காதீங்க," என்றார் செயலாளரம்மா அந்தப் பக்கம் திரும்பாமலே.

"இதுக்குத்தானே சேர்த்து வச்சிருக்கேன்."

வாத்தியார் செஸ்ஸைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. "நாளைக்குக் காலையில மழை வருமான்னு கேட்டா, வரலாம் வராமலும் போகலாம்னு தலையைச் சொறியறான். அவன் இருபது வருஷம் கழிச்சு வரப்போற மழையைச் சொல்றானாம். அதை நம்பி நாம சுவரை இடிக்கணுமாம்."

டாக்டர் அவரை, அதாவது அவர் பல்லை, கூர்ந்து பார்த்தார். "உங்களுக்கு நாளைக்குக் காலையில பல் வலிக்குமான்னு கேட்டா எனக்கும் தெரியாது சார். ஆனா இப்படியே கடைவாயில ஒப்புக்குத் தேய்ச்சுட்டு விட்டீங்கன்னா, அஞ்சு வருஷத்துல அங்க ரெண்டு பல் இருக்காதுன்னு எழுதியே தருவேன். அது வேற கணக்கு, இது வேற கணக்கு."

வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். மூடியபடியே, "உதாரணம் நிரூபணம் ஆகாது," என்றார்.

"விஞ்ஞானிகளுக்குள்ளயே ஒத்துப்போகல," என்று சோபா தன் பங்கைச் சொன்னது. "காலையில ஒரு வீடியோ வந்துச்சு, பனிமலை எல்லாம் உருகுதுன்னு. மத்தியானம் ஒண்ணு வந்துச்சு, பூமி குளிர்ந்துக்கிட்டே போகுது, சொல்லாம மறைக்கிறாங்கன்னு."

"எது மாமா நிஜம்?" என்றார் டாக்டர்.

"அதெல்லாம் நான் பார்க்கிறதில்ல. ரெண்டையும் அனுப்பிட்டேன்."

"ரெண்டு வருஷம் பொறுத்துப் பார்ப்போம்," என்றார் வாத்தியார், நியாயமான மனிதரின் குரலில். "நான் வேண்டாம்னு சொல்லல. அவசரம் வேண்டாம்னு சொல்றேன். இன்னும் ரெண்டு மழை பார்த்துட்டு, தண்ணி உண்மையிலேயே ஏறுதுன்னா அப்ப செய்வோம்."

"என்கிட்ட வர்ற பத்துப் பேர்ல எட்டுப் பேர் இதைத்தான் சொல்றாங்க," என்றார் டாக்டர். "ரெண்டு மாசம் பார்க்கிறேன் டாக்டர்னு போவாங்க. மூஞ்சி பப்பாளிப்பழம் மாதிரி வீங்கினதும் வருவாங்க. பார்த்துக்கிட்டே இருந்ததால எந்தப் பல்லும் தானா அடைஞ்சதில்ல."

அப்போதுதான் வாத்தியார் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்காக மடித்த வரைபடத்தாள். மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர், கண்ணாடிக்கூடு, சாவி, செயலாளரம்மாவின் இரண்டாவது பேனா என்று வைத்தார்.

"ஊர் உலகத்துல எவன் எதை அளந்தானோ எனக்குத் தெரியாது. நான் நம்புறது இந்தக் கட்டடத்துல ஒரே ஒரு பொருளைத்தான். அது செக்ரட்டரி மேடத்தோட வெள்ளப் பதிவேடு. இருபத்திரண்டு வருஷம். பதினொரு தடவை தண்ணி வந்திருக்கு. தேதி, நேரம், எந்தப் படி வரைக்கும், எல்லாம் அவங்க கையெழுத்துல இருக்கு. போன வாரம் வாங்கிட்டுப் போய் ஒவ்வொண்ணா புள்ளி வச்சேன். பாருங்க."

பதினொரு புள்ளிகள். பதினொன்றும் மூன்றாம் படியில். வாத்தியார் அவற்றை இணைத்து ஸ்கேல் வைத்து இழுத்திருந்த கோடு, துணி காயப்போட இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராக இருந்தது.

"இதுல எங்கம்மா ஏற்றம்?" என்றார். "சொல்லுங்க. இது பொய்யா?"

செயலாளரம்மா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காப்பீட்டு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவர் அவர். ஒரு கடிதம் தவறிப் போனதில்லை, ஒரு தேதி பிசகியதில்லை. இந்தப் பதிவேட்டையும் அப்படித்தான் எழுதினார். ஒவ்வொரு மழைக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, கீழேயிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எழுதியது. அதை ஒருவர் இப்படி மேசையில் விரித்துப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அந்தப் பாராட்டு, பக்கத்து அறையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் மனிதருக்கு எதிராக வந்து நின்றது.

"பொய் இல்ல," என்றார். வேறென்ன சொல்ல.

"அப்ப எழுதிக்குங்க. ஒப்புதல் தேவையில்லை, ஏகமனதாக."

"ஏகமனதா எப்படி சார், நான் இருக்கேனே," என்றார் டாக்டர். ஆனால் நாலு கையெழுத்தும் வேண்டும் என்பதால் வாத்தியார் ஒருத்தர் மறுத்தாலே போதும். அது எல்லோருக்கும் தெரியும். மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம்.

"ஏம்மா," என்று பக்கத்து அறை கூப்பிட்டது. "மூணாவது படின்னா எந்த மூணாவது படி?"

"கீழேயிருந்து மூணாவது. நீங்க தூங்குங்க."

"கீழேன்னா எது கீழே?"

"ரோட்டுக்கு மேல முதல் படியிலிருந்து. இதுல என்ன சந்தேகம்?"

கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு பேசினார். "நாம இங்க குடி வந்த அன்னிக்கு, உங்கப்பா குடுத்த இரும்பு பீரோவை நானும் எங்க கண்டக்டரும் தூக்கினோம். வாசல்ல ஒன்பது படி. நல்லா ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு படிக்கும் உங்க குடும்பத்துல ஒருத்தரைத் திட்டினேன். ஒன்பதாவது படியில உங்க சித்தப்பா. இப்ப ஆஸ்பத்திரிக்குப் போக இறங்கினா அஞ்சு படிதான் இருக்கு. அஞ்சுலயே நாக்குத் தள்ளுது. மிச்சம் நாலு படியை யார் தூக்கிட்டுப் போனாங்க?"

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார், டாக்டரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சாருக்கு ஆக்ஸிஜன் கொஞ்சம் கூட்டி வைங்க மேடம்."

செயலாளரம்மா எழுந்துவிட்டார். இயந்திரத்தின் பக்கம் போகவில்லை. அலமாரிப் பக்கம் போனார். அங்கே மூன்றாவது தட்டில் இன்னொரு கோப்பு இருந்தது. மேலே, 'வெளியே சென்ற கடிதங்கள், நகல்'. அதை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வந்ததும் காது மடல் சூடாயிற்று.

எடுக்காமலும் இருக்கலாம். கிழவர் ஏதோ உளறுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். பதிவேடு பதிவேடாக இருக்கும். இருபத்திரண்டு வருஷம். மாப்பிள்ளை பக்கத்து அறையில் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. நின்றால் என்ன ஆகும் என்பதைப் போன மழையில் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடியபோது அவர் பார்த்திருக்கிறார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்போதும் அந்த மனிதர் பேசிக்கொண்டுதான் வந்தார், சத்தம்தான் வரவில்லை.

கோப்பை எடுத்துக்கொண்டு வந்து மேசையில், வாத்தியாரின் கோட்டுக்கு மேலேயே வைத்தார். பக்கம் புரட்டி நான்கு இடத்தில் காகிதம் செருகினார். பிறகு எழுந்து நின்று வாசித்தார்.

"சாலைத் துறைக்கு. எங்கள் தெருவில் பழைய சாலையின் மேலேயே புதிய தார்ச்சாலை போட்டுத் தந்தமைக்கு நன்றி. சாலை உயர்ந்ததால் எங்கள் வாசலில் ஒரு படி குறைந்து, முதியோர் ஏறி இறங்க மிகவும் வசதியாக உள்ளது."

சோபாவில் போன் மடிக்கு இறங்கியது.

"இது முதல் கடிதம். நாம குடிவந்து மூணாவது வருஷம்." பக்கம் திருப்பினார். "இது ரெண்டாவது. 'மேலும் ஒரு படி குறைந்ததில் பெருமகிழ்ச்சி.'" திருப்பினார். "மூணாவது. இதுல பாராட்டுத் தீர்மானமே போட்டிருக்கேன். நாலாவது, நீங்க வந்த பிறகு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க வாத்தியார் சார். ஒன்பதுல நாலு போச்சு."

"நம்ம வாசல் முழுகுறதுக்கு நன்றிக் கடிதம்," என்று பக்கத்து அறை மெச்சியது. "நாலு தடவை. நகலோட."

ஒரு கோப்பும் இன்னொரு கோப்பும் ஒரே அலமாரியில் இருபத்திரண்டு வருஷம் தோளோடு தோள் உரசி நின்றிருந்தன, ஒன்றோடொன்று பேசிக்கொண்டதில்லை. பேச வைக்க வேண்டியவர் செயலாளரம்மாதான்.

"முதல் வெள்ளத்துல மூணாவது படி வரைக்கும் தண்ணின்னா, மேல ஆறு படி காய்ஞ்சிருந்துது," என்றார் அவர். "போன மழையிலும் மூணாவது படிதான். ஆனா மேல ரெண்டு படிதான் காய்ஞ்சிருந்துது. நான் கீழேயிருந்தே எண்ணிட்டு இருந்திருக்கேன். கீழே மேல வந்துக்கிட்டே இருந்திருக்கு."

வாத்தியார் எழுந்து வெளியே போனார். நாலு பேரும் பின்னால் போனார்கள், அதாவது மூன்று பேரும் ஒரு போனும். அவர் வாசலில் நின்று படிகளை எண்ணினார். ஐந்து. மேலேயிருந்து எண்ணினார். ஐந்துதான். பிறகு, அவர் வயதுக்குச் செய்யக்கூடாத விதத்தில், கட்டடத்தின் பக்கவாட்டில் தார் போடாத சந்துக்குள் இறங்கி, செடியை விலக்கி, படிக்கட்டின் ஓரச் சுவரைப் பார்த்தார். தார் அங்கே அடுக்கடுக்காக நாலு வரியாகத் தெரிந்தது. அதற்குக் கீழே படிகள் மண்ணுக்குள் இறங்கிப் போயிருந்தன. ஒரு குச்சியால் கிளறி எண்ணினார், நாலு. சட்டையில் சிலந்தி வலையோடு திரும்பி வந்தார்.

உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கேட்டார்: "அப்ப ரோடுதானே காரணம்? மழை என்ன பண்ணும்?"

"ரோட்டுக்குத் தார் போட்டாங்க சரி," என்றது பக்கத்து அறை. "கால்வாய்க்கு யார் தார் போட்டது? ரோடு மேடானா தண்ணி கால்வாய்க்குத்தானே வழிஞ்சு ஓடணும். நாலு படி உயரம் ஏறியும், அதே அளவு தண்ணி ரோட்டு மேல நிக்குதுன்னா, கால்வாயும் ஏறித்தானே இருக்கு. நான் அந்தக் கால்வாய்ப் பாலத்துல முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். அன்னிக்குப் பாலத்துக்கடியில படகு போகும். இப்ப மழைக்குப் பாலமே படகாட்டம் இருக்கு."

வாத்தியார் பென்சிலை எடுத்தார். வரைபடத்தாளைத் திருப்பிப் போட்டு, படியைக் கீழேயிருந்து எண்ணாமல் வாசற்கதவிலிருந்து எண்ணி, பதினொரு புள்ளியையும் மறுபடி வைத்தார். நன்றிக் கடிதங்களின் தேதியைச் செயலாளரம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, புள்ளி இடம் மாறிக்கொண்டே வந்தது. கோடு இழுக்க ஸ்கேலை வைத்தார், எடுத்தார். ஸ்கேல் ஒத்துவரவில்லை. கையாலேயே இழுத்தார். கோடு முதலில் சோம்பலாகக் கிடந்து, போகப் போகத் தலையைத் தூக்கியது.

அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே திருத்திய விடைத்தாள் தன்னுடையது என்று கடைசியில் தெரிந்துகொண்டவர் மாதிரி இருந்தது முகம்.

"இருபத்திரண்டு வருஷத்துல நாலு படி," என்றார் மெதுவாக. "மிச்சம் ரெண்டு. நேராப் போனா பதினொரு வருஷம்."

"நேராப் போகுமா சார்?" என்றார் டாக்டர்.

"போகாது." பென்சிலைக் கீழே வைத்தார். "ரெண்டு மழை பொறுத்துப் பார்க்கலாம்னு சொன்னேன் இல்லையா. பதினொரு மழை பொறுத்துப் பார்த்தாச்சு. எண்ணத்தான் தெரியல."

ஃபார்வர்ட் மாமா வரைபடத்தைப் போட்டோ எடுத்தார். "இதை அனுப்பலாமா?"

"முதல்ல கையெழுத்துப் போடுங்க மாமா."

"நான் ரெண்டு பக்கமும் பார்க்கிற ஆள்மா."

"இந்தத் தாள்ல ஒரு பக்கம்தான் எழுதியிருக்கு," என்று டாக்டர் அவர் கையில் பேனாவைத் திணித்தார். அவர் போட்டார். வாத்தியாரும் போட்டார். போடும்போது, "நான் வானிலைக்காரனை நம்பிப் போடலை. இந்தக் கோட்டை நம்பிப் போடறேன், எழுதிக்குங்க," என்றார். செஸ் பலகை இனி தரைத்தளக் கூடத்துக்கு வரும் என்று பேச்சுவாக்கில் அவரே முடிவும் செய்துகொண்டார்.

"இங்க ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருக்கான்," என்றது உள்ளே.

மணி நாலு இருபது. ஒப்புதல் படிவம் முடிந்தது. கஷ்டமான கடிதம் இனிமேல்தான். செயலாளரம்மா வெள்ளைத் தாளை எடுத்து, இடப்பக்கம் ஓரம் மடித்து, தேதி போட்டு, பொருள் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தார். பிறகு பேனாவை அங்கேயே ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார்.

"சுருக்கமா, 'அளவு முறையில் சிறு மாற்றம்'னு போட்டுடுங்க," என்றார் வாத்தியார். அது அவர் வாயிலிருந்து வந்தது கருணையால்தான். "நானும் எட்டு வருஷமா அதே படியில ஏறி இறங்கினவன்தானே. யாரும் உங்களைக் கேட்கப் போறதில்ல."

"சிறு மாற்றம்னா அவங்க சின்னதாத்தான் எடுத்துப்பாங்க," என்றார் செயலாளரம்மா. "கடைசியிலயே வச்சிருப்பாங்க."

எழுதினார். பொருள்: எங்கள் வெள்ள அறிக்கைகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருந்துவரும் பிழை. பார்வை: தங்கள் கடிதம். பிறகு, நீர்மட்டம் மாறவில்லை என்று தாங்கள் முடிவு செய்யக் காரணமான அறிக்கைகள் அனைத்தையும் எழுதியவள் நானே, படியைக் கீழேயிருந்து எண்ணினேன், சாலை உயர உயரப் படிகள் புதைந்ததை நானே நன்றிக் கடிதங்களில் தெரிவித்திருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை, பிழை என்னுடையது. வாசற்கதவிலிருந்து எண்ணிய திருத்திய அளவுகள் இணைப்பில். நான்கு நன்றிக் கடிதங்களின் நகல்கள் இணைப்பில். இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மின்சாரத்தால் மூச்சு விடும் ஒருவர் இருக்கிறார். அடுத்த மழைக்கு முன் இந்த வேலை நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்ப மனமில்லாதவர்களுக்கு நம்பிக்கை வரும்வரை தண்ணீர் காத்திருப்பதாகத் தெரியவில்லை.

கடைசி வரி அலுவலகக் கடிதத்துக்கு அதிகம் என்று தோன்றியது. அடிக்கப் போனார், அடிக்கவில்லை.

வாத்தியார் வரைபடத்தை இணைப்பாக வைத்தார். பழைய நேர்க்கோடும் பின்பக்கத்தில் இருக்கட்டும் என்றார். இரண்டையும் பார்த்தால்தான் எங்கே தப்புச் செய்தோம் என்று தெரியுமாம்.

வீட்டுக்காரர் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிலிலேயே படித்தார். பாதியில் நிறுத்தி, ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"பிழை என்னுடையது," என்று வாசித்தார். "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆச்சு. இதை உன் கையெழுத்துல இப்பத்தான் பார்க்கிறேன். அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு நகல் எடுத்துக் குடு. தலைமாட்டுல மாட்டிக்கிறேன்."

"உங்களுக்கு எழுதினது இல்ல அது," என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். ஆனால் தாளை மடிக்கும்போது ஓரம் கொஞ்சம் கோணிப்போனது. பிரித்து, மறுபடி நேராக மடித்தார். உறைக்குள் ஒப்புதல், கடிதம், வரைபடம், நான்கு நன்றிகள் என்று வரிசையாக அடுக்கினார். பசை தடவி, விரலால் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை இரண்டு தடவை அழுத்தினார். ஓரம் எங்கேயாவது தூக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

ஃபார்வர்ட் மாமா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றார். "குடுங்கக்கா, நானே போய்ப் போட்டுட்டு வந்துடறேன்."

"நீங்க கொண்டுபோனா வழியில எத்தனை பேருக்குப் போகுமோ," என்று செயலாளரம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். உறையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தபால் நிலையத்தில் நாலு ஐம்பது. பதிவுத் தபால் ஜன்னலில் இருந்தவர் பெட்டியை மூடக் கை வைத்திருந்தார். உறையை வாங்கி, எடைபோட்டு, முகவரியைப் படித்து, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"தேதி சரியா விழல," என்றார் செயலாளரம்மா. "மாசம் தெரியுது, நாள் தெரியல."

அவர் நிமிர்ந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மைத்திண்டை இழுத்து முத்திரையை நன்றாக ஒற்றி எடுத்து, இன்னொரு தடவை, கொஞ்சம் தள்ளி, நிதானமாகக் குத்தித் திருப்பிக் காட்டினார். நாள், மாதம், வருஷம், மூன்றும் கறுப்பாக விழுந்திருந்தன. செயலாளரம்மா தலையை அசைத்ததும், உறையைப் பின்னால் இருந்த சாக்குப்பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டினார்.